பேய்க்குக் காவல் வேலை

கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் சாலையில், நெல்லிக்குப்பத்துக்குப் பக்கத்தில் கரும்பு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களுக்கு வேடிக்கை பார்க்க நேரம் நிறையவே கிடைக்கும். கட்டி முடியாத வீடு ஒன்றின் மாடியில் ஒரு முகம் தொங்கும். துருத்திய கண், முறுக்கிய மீசை, கோரைப்பல், வெளியே நீட்டிய நாக்கு. திருஷ்டி பொம்மை. அதை யாரும் கும்பிடுவதில்லை, கழற்றி எறியவும் துணிவதில்லை. அரக்கனுக்குப் பயந்து ஓடவேண்டிய மனிதர்கள் அவன் முகத்தையே கொண்டுவந்து வீட்டு முகப்பில் ஏன் மாட்டுகிறார்கள்?

இதே கேள்வியை மூவாயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முன் நைல் நதிக்கரையிலும் கேட்டிருக்கலாம். அரசர்களின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்கள் குடியிருந்த ஊர் டெயர் எல் மெதினா. அங்கே வீட்டு முன்கட்டுச் சுவர்களில் ஒரு குள்ளன் ஆடிக்கொண்டிருந்தான். சிங்கப் பிடரி, வளைந்த கால், வெளியே தொங்கும் நாக்கு. அவன் பெயர் பெஸ். எகிப்திய ஓவியத்தில் மனிதரும் தெய்வமும் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் முகம் காட்டுவார்கள். பெஸ் மட்டும் பார்ப்பவரை நேருக்கு நேர் முறைப்பான். கட்டில் கால், தலையணைக் கட்டை, முகம் பார்க்கும் கண்ணாடிப் பிடி என வீட்டில் அவன் இல்லாத இடம் குறைவு. தூங்குகிறவரையும் பிள்ளை பெறுகிறவளையும் காப்பது அவன் பொறுப்பு. அவனுக்குப் பெரிய அரசாங்கக் கோயில் கிடையாது, நம் திருஷ்டி பொம்மைக்கு இல்லாததைப் போலவே.

அவனோடு எப்போதும் சேர்த்துச் சொல்லப்படுபவள் தாவெரெத். நீர்யானை உடல், சிங்கத்தின் கால், முதலையின் முதுகு, தொங்கும் மார்பு, நிறைமாத வயிறு. நைல் கரையில் வாழ்ந்தவர்களுக்கு நீர்யானையும் முதலையும் அன்றாடம் ஆளை விழுங்கும் பயம். அந்த இரண்டையும் சிங்கத்தோடு சேர்த்துப் பிசைந்துதான் கர்ப்பிணிக்குக் காவலாக ஒரு தெய்வத்தை அவர்கள் செய்துகொண்டார்கள். கி.மு. 2000 முதல் 1650 வரையிலான காலத்தில் நீர்யானைத் தந்தத்தைச் சீவி வளைந்த மந்திரக்கோல் செய்வது வழக்கமாக இருந்தது. கத்தி ஏந்திய தாவெரெத்தும், பெஸ்ஸை ஒத்த குள்ளனும், தவளையும், பாம்பைக் கடிக்கும் சிங்கமும் அதில் வரிசையாக நிற்பார்கள். இரவும் பகலும் இந்தத் தாயையும் பிள்ளையையும் காக்க வந்தோம் என்று அவர்களே சொல்வதாகச் சில கோல்களில் எழுத்தும் உண்டு.

தாவெரெத்தைப் பார்த்துத் திகைக்கும் தமிழர் பெரியாச்சியை ஒருமுறை நினைத்துக்கொண்டால் போதும். மடியில் ஒரு பெண்ணைக் கிடத்தி வயிற்றைக் கிழித்துக் குடலை உருவுகிறாள். காலடியில் ஓர் அரசன் மிதிபட்டுக் கிடக்கிறான். மேலே தூக்கிய கையில் ஒரு பச்சைக் குழந்தை. வல்லாளன் என்ற அரசனின் பிள்ளைப்பேற்றுக் கதை இது. மருத்துவச்சியாக வந்தவள் அரசனையும் அரசியையும் முடித்துவிட்டு, தரையில் படக்கூடாத அந்தக் குழந்தையை மட்டும் தூக்கிப் பிடித்து நிற்கிறாள். பிரசவ அறையில் மாட்டக்கூடிய படமே அல்ல. ஆனால் சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலில் இன்றும் பிள்ளை பிறந்து ஒரு மாதம் ஆனதும் தாய்மார் குழந்தையைக் கொண்டுபோய் இவள் சன்னதியில்தான் காட்டுகிறார்கள். வயிற்றைக் கிழிக்கத் தெரிந்தவளுக்குத்தான் வயிற்றைக் காக்கவும் தெரியும் என்ற கணக்கு.

காட்டேரியின் வரலாறு இன்னும் சிக்கலானது. கர்ப்பிணியின் இரத்தத்தைக் குடிப்பவள், இருட்டில் பின்னாலேயே வருபவள் என்று வடதமிழகத்தில் குழந்தைகளைப் பயமுறுத்துவது அவள் பெயரைச் சொல்லித்தான். அதே வட்டாரத்தில் சில குடும்பங்களுக்கு அவளே குலதெய்வம். கோழியும் கருவாடும் வைத்துப் படைப்பார்கள். கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் அவளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கயானாவில் இன்றும் தாய்மையின் காவலாக அவளுக்குப் பூசை நடக்கிறது.

இப்படிப்பட்டவர்களை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? 1713இல் தரங்கம்பாடியிலிருந்து தமிழர் தெய்வங்களின் வம்சவரிசையை எழுதி முடித்த மிஷனரி சீகன்பால்கு, ஐயனாரையும் அங்காளம்மனையும் பிடாரியையும் பேய்களிடமிருந்து ஊரைக் காக்கும் கிராம தெய்வங்கள் என்று கேட்டறிந்து சரியாகவே குறித்துக்கொண்டார். பின்னால் வந்த மிஷனரிகள் பலருக்கு அந்தப் பொறுமை இல்லை. மொத்தத்தையும் பேய் வழிபாடு என்று ஒரே சாக்கில் கட்டினார்கள். எகிப்தியலிலும் ஏறக்குறைய இதுதான் நடந்தது. எகிப்திய மொழியில் ‘பேய்’ என்று பொதுவாகச் சொல்ல ஒரு சொல்லே கிடையாது. தூதர், அலைவோர், கொலைஞர், வாயிற்காவலர் என்று செய்யும் வேலையைக் கொண்டுதான் பெயர். ஐரோப்பிய அறிஞர்கள் தங்கள் மொழிச் சொல்லை அவற்றின்மேல் ஒட்டியபோது, அந்தச் சொல்லோடு நரகமும் பாவமும் சேர்ந்தே வந்தன. பேய் என்பது குணத்தின் பெயர் என்ற எண்ணம் அப்படித்தான் நிலைத்தது. எகிப்தியரும் தென்னார்க்காட்டுக்காரரும் அதைக் குணமாகப் பார்த்ததாகத் தெரியவில்லை. யார் ஏவினார்கள், எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதே அவர்களுக்கு முக்கியம்.

ஏவியவர் யார் என்ற கேள்விக்கு எகிப்து தரும் பயங்கரமான பதில் செக்மெத். சிங்கமுகத் தேவி. எகிப்திய ஆண்டு முப்பது நாள் கொண்ட பன்னிரண்டு மாதம். மிச்சம் ஐந்து நாள் எந்த மாதத்திலும் சேராது. அந்த ஐந்து நாளில் செக்மெத்தின் தூதர்கள் அம்பும் கத்தியுமாக ஊருக்குள் இறங்கி நோய் பரப்புவார்கள் என்று நடுங்கினார்கள். இப்போது ஹாலந்தின் லைடன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு பாப்பிரஸ் சுருள் இதற்கென்றே எழுதப்பட்டது. மெல்லிய துணியில் தெய்வ உருவங்களை வரைந்து, பன்னிரண்டு முடிச்சு போட்டு, கழுத்தில் கட்டிக்கொள்ளச் சொல்கிறது. கூடவே ரொட்டியும் பீரும் சாம்பிராணியும் படைக்க வேண்டும். நோயை அனுப்பியவளுக்கே படையல். எகிப்தில் வைத்தியர்களோடு சேர்த்து எண்ணப்பட்டவர்களில் செக்மெத்தின் பூசாரிகளும் உண்டு. ஆடி மாதத்தில் மஞ்சள் துணியும் வேப்பிலையுமாகக் காப்பு கட்டி, அம்மை வந்தவரை ‘அம்மா இறங்கியிருக்கா’ என்று சொல்லி, கூழ் ஊற்றும் ஊர்க்காரர்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. முத்தைப் போட்டவளே இறக்க வேண்டும்.

செக்மெத்தின் கோபம் தணிந்த கதை துத்தன்காமன் கல்லறையின் பொன் தகட்டுப் பேழையிலும், முதலாம் சேத்தியின் கல்லறைச் சுவரிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. தனக்கு எதிராகச் சதி செய்த மனிதரை அழிக்கச் சூரியக் கடவுள் ரா தன் கண்ணையே தேவியாக்கி அனுப்புகிறான். போனவள் திரும்புவதாக இல்லை; இரத்தத்தின் ருசி கண்டுவிட்டாள். ரா பயந்துபோய் 7,000 ஜாடி பீரில் செங்காவி கலந்து வயலில் ஊற்றச் செய்கிறான். இரத்தமென்று நினைத்துக் குடித்தவள் போதையில் வந்த வேலையை மறக்கிறாள். மனித குலம் பிழைத்தது இப்படி.

விழுப்புரம் மாவட்டம் மேல்மலையனூரில் மாசி அமாவாசையன்று நடக்கும் மயானக் கொள்ளையின் கதை இதற்கு ஒன்றுவிட்ட உறவு. பிரம்மனின் தலையைக் கிள்ளிய சிவனின் கையில் கபாலம் ஒட்டிக்கொண்டு, போடும் சோற்றையெல்லாம் தானே தின்றுவிடுகிறது. மயானத்தில் உணவை வாரி இறைக்கிறாள் தேவி. ஆசையில் கபாலம் கையை விட்டுக் கீழே இறங்குகிறது. அங்காளம்மன் அதன் மேல் கால் வைத்து மிதித்துவிடுகிறாள். இரண்டு கதையிலும் பயங்கரத்தை வாளால் வெல்ல முடியவில்லை. சாப்பாடு போட்டுத்தான் சரிக்கட்ட முடிந்தது.

மேல்மலையனூர் அம்மன் பேய் ஓட்டுவதற்கும் பேர்போனவள். 1990களின் தொடக்கத்தில் தென்னார்க்காட்டில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் இசபெல் நபொக்கொவ், 2000இல் வெளியான நூலில் இந்தச் சடங்கை விரிவாக எழுதியிருக்கிறார். அற்பாயுசில் போன இளைஞனின் ஆவி புதுப்பெண்ணைப் பிடிக்கும். பம்பைக்காரர்கள் பாடிப் பாடி அதை ஆடவைப்பார்கள். முதல் கேள்வி எப்போதும் பெயர்தான். யார் நீ, எந்த ஊர், எப்படிச் செத்தாய், எங்கே வைத்து இவளைப் பிடித்தாய்? பெயரைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு என்ன வேண்டும் என்ற பேரம். கேட்டதைக் கொடுத்து, பேய் குடியிருக்கும் முடிக்கற்றையைப் புளிய மரத்தில் ஆணியடித்து அறைந்துவிட்டால் அது அங்கேயே தங்கிவிடும்.

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கர்னாக் கோயில் வளாகத்தில், கொன்சு தெய்வத்தின் ஆலயத்துக்கு அருகே கிடைத்தது. இரண்டாம் ராம்சேஸ் காலத்துச் சம்பவம் என்று சொல்லிக்கொண்டாலும், கல்லில் வெட்டியது பல நூற்றாண்டு கழித்துத்தான். பக்தான் என்ற தூரதேசத்து இளவரசி பெந்த்ரெஷைப் பேய் பிடித்துவிடுகிறது. முதலில் ஒரு பண்டிதன் போகிறான், அவனால் ஆகவில்லை. பிறகு கொன்சுவின் சிலையே பதினேழு மாதப் பயணமாகப் புறப்பட்டுப் போகிறது. தெய்வத்தைக் கண்டதும் பேய் சண்டைக்கு வரவில்லை. வாருங்கள் என்று வரவேற்று, நான் உங்கள் அடிமை என்று பணிந்து, போய்விடுகிறேன், எனக்கு ஒரு விருந்து வையுங்கள் என்று கேட்கிறது. தெய்வம் தலையசைக்கிறது. இளவரசியின் தகப்பன் நடுங்கிக்கொண்டே படையல் போடுகிறான். பேய் சந்தோஷமாகக் கிளம்பிப் போகிறது.

இந்தக் கல்வெட்டைச் செஞ்சிப் பக்கத்துப் பம்பைக்காரர் ஒருவரிடம் படித்துக் காட்டினால், ஆட்டம் சரியாகத்தான் நடந்திருக்கிறது, மரத்தில் ஆணி அடித்தது மட்டும் விட்டுப்போயிற்று என்று சொல்லக்கூடும்.

பெந்த்ரெஷைப் பிடித்ததைக் குறிக்கக் கல்வெட்டு பயன்படுத்தும் சொல் ‘அக்’. முறைப்படி அடக்கம் செய்யப்பட்டு ஆற்றல் பெற்ற மூதாதையரைக் குறிக்கும் சொல்லும் அதேதான். பிடிப்பதும் காப்பதும் ஒரே இனம். தென்னார்க்காட்டில் இதற்கு நேர் இணை பூவாடைக்காரி. சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்த வீட்டுப் பெண்ணை, கல்யாணம் போன்ற நல்ல காரியத்துக்கு முன் நீர்நிலைக்குப் போய் அழைத்து, கும்பத்தில் இறக்கி, வீட்டுக்குக் காவலாகக் கூட்டிவருவார்கள். அழைக்கும்போது அடிப்பதும் அதே பம்பை. ஒரு செத்தவனை விரட்ட அடித்த தோலிலேயே ஒரு செத்தவளை வரவேற்கவும் அடிக்கிறார்கள். வித்தியாசம் செத்தவர்களின் குணத்தில் இல்லை. ஒருவனுக்கு இடம் இல்லை, அலைகிறான். இன்னொருத்திக்குக் கும்பமும் பூவும் வருடாந்திரப் படையலும் உண்டு, அதனால் இருக்கிறாள்.

எல்லையில் நிற்கும் வீரன்களின் பூர்வீகத்தைத் துருவினாலும் இதுதான் வெளிப்படும். மதுரைவீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். காத்தவராயன் கழுவேறியவன். துர்மரணத்தில் போய்ப் பழிவாங்கப் புறப்பட்டிருக்க வேண்டியவர்கள், கோயில் வாசலில் அரிவாளோடு வெளிப்பக்கம் பார்த்து நிற்கிறார்கள். செஞ்சிப் பகுதித் திரௌபதி அம்மன் கோயில்களில் வெட்டிய தலையைக் கையில் ஏந்தி நிற்கும் போத்துராஜாவும், சுருட்டும் சாராயமும் பெற்றுக்கொள்ளும் முத்தால ராவுத்தனும் அப்படி வாசலில் நிற்பவர்களே. ராவுத்தன் முஸ்லிம் குதிரை வீரன். அம்மன் கோயிலில் அவனுக்கென்று காவல் இடம் ஒதுக்கப்பட்டிருப்பதையும், அவன் குதிரைக்குக் கொள்ளு வைப்பதையும் ஆல்ஃப் ஹில்டெபெய்டல் 1988இல் வெளியான தன் ஆய்வு நூலில் பதிவு செய்திருக்கிறார்.

எகிப்திய மறுவுலகின் வாசல்களில் நிற்பவர்களும் இந்தச் சாதியே. இறந்தவரோடு கல்லறைக்குள் வைக்கும் ‘மறைந்தோர் நூல்’ என்ற மந்திரத் தொகுப்பின் 144ஆம் அத்தியாயம் ஏழு வாசல்களைக் கடக்கும் முறையைச் சொல்கிறது. வாசலுக்கு மூன்று பேர்: கதவைப் பார்ப்பவன், காவல் காப்பவன், வந்தவர் பெயரை உள்ளே அறிவிப்பவன். மூவருக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. தலைகீழ் முகத்தான், புழு தின்பவன் என்கிற மாதிரியான பெயர்கள். இறந்தவர் அவற்றை மனப்பாடமாகச் சொன்னால் வழி கிடைக்கும், தவறினால் கத்தி. கெட்டவருக்கு எமனாகவும் நல்லவருக்கு வாயிற்காப்போனாகவும் ஒருவனே நிற்கிறான். காவிரிப்பூம்பட்டினத்து நாற்சந்தியில் சிலப்பதிகாரம் நிறுத்தி வைத்திருக்கும் சதுக்கப்பூதமும் இதே உத்தியோகம்தான் பார்க்கிறது. பொய்ச்சாட்சி சொன்னவரையும் கள்ளத் தவவேடம் போட்டவரையும் பாசக்கயிற்றால் கட்டித் தின்றுவிடும்; மற்றவர் நிம்மதியாக நடந்து போகலாம்.

பெயர் தெரிந்தால் பிடி கிடைக்கும் என்பதால், சில பெயர்களைச் சொல்லாமல் விடுவதும் பாதுகாப்பு. கைக்குழந்தைக்கு மாலையாகக் கட்டும் வசம்புக்குப் ‘பேர் சொல்லாதது’ என்றே பெயர். இருட்டிய பிறகு கடையில் அப்படித்தான் கேட்பார்கள். இரவில் பாம்பைப் பாம்பு என்று சொல்லாமல் பூச்சி என்பதும் இந்த எச்சரிக்கையே. எகிப்தியர் ஒரு படி மேலே போனார்கள். அவர்கள் எழுத்தே படம் என்பதால், கல்லறைக்குள் எழுதும்போது பாம்பு எழுத்தை இரண்டாக வெட்டியும், பறவைக்குக் காலில்லாமலும் எழுதிய காலம் உண்டு. முழுதாக வரைந்தால் எழுந்து வந்துவிடும். குயவர் செய்த ஐயனார் குதிரைக்கும் வீரனுக்கும் கண் திறக்கும்வரை அது வெறும் மண் என்று கருதும் நம் ஊர்களில், இந்தப் பயத்தின் தர்க்கம் உடனே புரியும்.

தாயத்து விஷயத்தில் ஒற்றுமை இன்னும் துல்லியம். கி.மு. முதலாம் ஆயிரமாண்டின் தொடக்கத்தில், எகிப்தியக் குழந்தைகளின் கழுத்தில் நீளமான பாப்பிரஸ் சீட்டைச் சுருட்டிக் குழலில் அடைத்துக் கட்டினார்கள். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள இத்தகைய சீட்டுகளை ஐ. இ. எஸ். எட்வர்ட்ஸ் 1960இல் பதிப்பித்தார். எழுதியிருப்பது தெய்வத்தின் வாக்குறுதி. இந்தக் குழந்தையைக் கால்வாயில் இருப்பதிடமிருந்தும், கிணற்றில் இருப்பதிடமிருந்தும், குளத்தில் இருப்பதிடமிருந்தும் காப்பேன் என்று பத்திரம்போல ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போகிறது. எந்தச் சந்தும் விட்டுவிடக்கூடாது என்று வக்கீல் எழுதிய மாதிரி. காத்து கருப்பு அண்டாமல் இருக்க மந்திரித்த தகட்டை வெள்ளிக்குழலில் அடைத்து அரைஞாணில் கோக்கும் பாட்டிமார்கள் பயப்படுவதும் கிணற்றடிக்கும் குளக்கரைக்கும்தான்.

இவ்வளவு ஒற்றுமை இருந்தால், கொண்டுபோனார்கள், கொண்டுவந்தார்கள் என்ற பேச்சு கிளம்புவது இயல்பு. செங்கடல் துறைமுகங்களான பெரெனிகேயிலும் குசெய்ர் அல் கதீமிலும் தமிழ் பிராமி பொறித்த பானை ஓடுகள் கிடைத்திருப்பது உண்மை. மார்ட்டிமர் வீலர் 1945இல் தோண்டிய அரிக்கமேடு நெல்லிக்குப்பத்துக்கு வடக்கே அதிக தூரமில்லை. கி.பி. முதல் நூற்றாண்டையொட்டித் தமிழ் வணிகர் எகிப்திய மண்ணில் கால் வைத்தார்கள் என்பதற்கு இவை சாட்சி. பெரியாச்சி தாவெரெத்தின் பேத்தி என்பதற்கு அல்ல. தாவெரெத் அதற்கு ஈராயிரம் ஆண்டு மூத்தவள். பானை ஓட்டில் இருப்பவை ஆட்களின் பெயரும் பாத்திரக் குறிப்பும். பிள்ளைப்பேற்றில் தாய் சாவதும், கிணற்றில் குழந்தை விழுவதும், காரணம் தெரியாத காய்ச்சலும் இரண்டு ஆற்றங்கரையிலும் இருந்தன. உறவு கொண்டாட அதுவே போதும்.

நெய்வேலிக்கும் மேற்கே, விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. மூலவர் முருகன். ஆனால் கொடுத்த கடன் திரும்பாதவர், நிலத்தகராறில் சிக்கியவர், புருஷன் விட்டுப்போனவள் எல்லோரும் வெள்ளைத்தாளில் மனு எழுதி, சாமியின் முன் வைத்து எடுத்து, முனியப்பர் சன்னதியில் கொண்டுபோய்க் கட்டுகிறார்கள். பிராது கட்டுதல் என்று பெயர். எழுதுகிறவரின் ஊர் எவ்வளவு தூரம் என்று கணக்குப் பார்த்துப் படிப்பணமும் கட்ட வேண்டும். விசாரிக்கப் போகிறவருக்குப் பயணப்படி வேண்டாமா? தீர்ப்பு முருகனுடையது. களத்தில் இறங்கி வேலையை முடிப்பது முனியப்பர்.

லைடனில் இன்னொரு பாப்பிரஸும் இருக்கிறது. கி.மு. 13ஆம் நூற்றாண்டையொட்டி, மனைவியை இழந்த ஓர் அதிகாரி அவளுக்கே எழுதிய மனு. உனக்கு நான் என்ன குறை வைத்தேன், பதவி உயர்ந்தபோதும் உன்னைக் கைவிடவில்லையே, நோயில் கிடந்தபோது பெரிய வைத்தியரை அழைத்து வந்தேனே, நீ போய் மூன்று வருடமாகத் தனியாகத்தானே இருக்கிறேன், ஏன் என்னை இப்படி வாட்டுகிறாய் என்று கேட்டுவிட்டு, மேற்குத் திசைத் தெய்வங்களின் சபையில் உன்மேல் வழக்குப் போடுவேன் என்று மிரட்டுகிறார். பெண் உருவம் ஒன்றின் மேல் கட்டிய நிலையில் அந்தக் கடிதம் கிடைத்தது. அவர் வழக்கு தீர்ந்ததா என்பதைச் சொல்லும் இரண்டாவது சுருள் எதுவும் இல்லை. மணவாளநல்லூரில் காரியம் முடிந்தவர்கள் திரும்பி வந்து, கட்டிய பிராதை முறைப்படி வாபஸ் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.